மழைதான் கரைக்க வேண்டும்

2025 மே 12, திங்கள்

துரியோதனனுக்கு இன்று இரண்டு பாதமும் முடிந்தன. வண்டலும் செம்மண்ணும் கேட்டேன். டிராக்டரில் வந்தது பாதி கப்பி. கட்டை விரலைத் திரட்டினால் உள்ளங்கையைக் கிழிக்கிறது. என் மகன் வரதராஜனைக் கூப்பிட்டு, "இன்னாடா இது, சாமிக்குக் கொட்டற மண்ணா, ரோட்டுக்குக் கொட்டறதா?" என்று கத்தினேன்.

"வேற கெடைக்கல நைனா. மழையில கரையப்போற பொம்மதானே?"

பொம்மையாம். வருடா வருடம் வீமன் வேஷம் கட்டி, இதே துரியோதனன் தொடையை அடித்துப் பிளக்கிறவன் பேசுகிற பேச்சு.

இந்தப் போன் என் பேத்தி துர்கா கொடுத்தது. அவள் தினமும் பஸ்ஸில் போய் வந்து, காஞ்சிபுரத்தில் பட்டுக் கடையில் பில் போடுகிறாள். நான் பள்ளிக்கூட வாசலை மிதித்தவனில்லை. பேசினால் இதுவே எழுதிக்கொள்ளுமாம், தேதியும் போட்டுக்கொள்ளுமாம். ஆனால் வீட்டில் பேசுகிற பேச்சு இதற்கு விளங்குவதில்லை. "கூத்துல வசனம் பேசற மாதிரி பேசு தாத்தா, கரெக்டா எழுதும்" என்றாள். அதனால் இப்படி. எழுதியதை என்னால் படிக்க முடியாது. எதற்குப் படிக்க வேண்டும்? எனக்கு மறதி கிடையாது. இந்த ஊரில் மற்றவர்களுக்குத்தான் வேண்டியபோதெல்லாம் மறதி வருகிறது.

அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு படுகளம். துரோபதையம்மன் திருவிழாவின் கடைசி நாள். அதற்குள் படுத்துக் கிடக்கும் துரியோதனனை மண்ணால் செய்து முடிக்க வேண்டும். பாதத்தில் ஆரம்பித்துத் தலையில் முடிப்பது எங்கள் குடும்பத்து வழக்கம். தொடை பிளந்த பிறகு பெண்கள் ஆளுக்கொரு பிடி மண் எடுத்துப்போய் அரிசிப் பானையில் போடுவார்கள். அதற்குப் பிறகு மனிதன் கை படக் கூடாது. மழைதான் கரைக்க வேண்டும்.

மே 16, வெள்ளி

கோயில் தர்மகர்த்தா நமச்சிவாயம் இன்று வரதராஜனுக்குக் காப்புக் கட்டினான். இனிக் கறி கூடாது, குடி கூடாது, பெண்டாட்டி பக்கம் போகக் கூடாது, ஊர் எல்லை தாண்டக் கூடாது. கோபப்படவும் கூடாது. அது ஒன்றுதான் என் மகனுக்குக் கஷ்டம்.

சாயங்காலம் துர்கா களத்துக்கு வந்தாள். நான் முழங்காலைத் திரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

"தாத்தா, ஒண்ணு சொல்லட்டா? யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன், நீ குடுத்த போன்கிட்டதான்."

"அவன் பேரு யேசுதாஸ். பிள்ளையார்பாளையத்துல சாயப்பட்டறையில வேல."

பேரைக் கேட்டதும் எந்தத் தெருப் பையன் என்று எனக்கு விளங்கிவிட்டது. எனக்கு விளங்கியது அவளுக்கும் விளங்கிவிட்டது. மண்ணைக் கிள்ளிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"கையி எப்பிடி இருக்கும்?" என்றேன்.

"முழங்கை வரைக்கும் அரக்கு கலரு. இன்னா சோப்பு போட்டாலும் போவாது."

"சோத்துல ஒட்டாம இருந்தா சரி."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது. "அப்பா வெட்டிப்புடுவாரு தாத்தா."

"காப்பு கட்டினவன் கோழியக்கூட வெட்ட மாட்டான். படுகளம் முடியட்டும். காப்பு அவுத்த அன்னிக்கி நானே பேசறேன்."

எழுந்து போகும்போது, "இந்த வருஷமாவது துரியோதனனுக்கு மீசைய சின்னதா வை. என்னமோ நம்ப அப்பா மாதிரியே இருக்கான்" என்றாள்.

மே 19, திங்கள்

இரண்டு தொடையும் முடிந்தன. வலது தொடையில் செந்தண்ணீர்ச் சட்டிக்குப் பள்ளம் விட்டேன். இடுப்பு வலி உயிர் போகிறது.

மே 21, புதன்

மார்பு முடிந்தது. வயிற்றுக்குச் சுற்றிலும் சுவர் மட்டும் எழுப்பியிருக்கிறேன், என் மார்பு உயரம். சுவர் காய்ந்த பிறகுதான் உள்ளே மண் கொட்டி மூட வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும்.

மத்தியானம் என் தங்கை அலமு வந்தாள். செய்தி கொண்டுவருவது அவளுக்குச் சாப்பாடு மாதிரி. "ஒன் பேத்தியும் ஒரு பையனும் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு இருந்தாங்களாம். வரதராஜனுக்கும் தெரிஞ்சிபோச்சி அண்ணே" என்றாள். எவன் சொன்னான் என்று கேட்டேன். ஊரே சொல்கிறதாம். ஊருக்கு வேறு வேலை கிடையாது. கூத்து விடிய விடிய நடக்கிறது, பகலெல்லாம் தூங்குகிறார்கள், விழித்த நேரத்தில் அடுத்தவன் பெண்ணைப் பேசுகிறார்கள்.

வெயில் தாழ வரதராஜன் வந்தான். கத்துவான் என்று பார்த்தேன். கத்தவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"வயித்த எப்ப நெரப்பப் போற நைனா?"

"சனிக்கிழம."

"நான் மண்ணு கொண்டாறேன்."

காப்புக் கயிறு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மே 23, வெள்ளி

துர்கா வரவில்லை. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அவள் போன் அணைந்து கிடக்கிறது. மருமகள் ஜெயம்மாள் வீட்டுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறாள்.

வரதராஜன் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "அந்தச் சாயக்காரப் பையனோட ஓடிட்டா. இனிமே இந்த வூட்ல அவ பேர எடுக்கக் கூடாது."

என்னிடம் சொல்லாமலா? நான் பேசுகிறேன் என்று சொன்னேனே. காத்திருக்க முடியவில்லையா அவளுக்கு?

மே 24, சனி

காலையில் வரதராஜனே சொன்னான்: "நீ போயி பிள்ளையார்பாளையத்துல தேடிப் பாரு நைனா. நான் காப்பு கட்டியிருக்கேன், எல்ல தாண்டக் கூடாது. வயித்த நான் நெரப்பிக்கறேன்."

போனேன். தெருத் தெருவாகத் தறிச் சத்தம். சாயப்பட்டறையைத் தேடிக் கண்டுபிடித்தேன். கொதிக்கும் தொட்டி முன்னால் நின்றான். உயரமில்லை. இரண்டு கையும் அரக்கு. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கோலைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"தாத்தா, துர்கா எங்க? போன் எடுக்க மாட்டேன்றா."

நான் கேட்க வேண்டியதை இவன் கேட்கிறான். சட்டையைப் பிடித்துவிட்டேன். "நடிக்கிறியா? எங்கடா ஒளிச்சி வெச்சிருக்கே?"

"அடிங்க தாத்தா. ஆனா நேத்து சாயங்காலம் நான்தான் அவள ஊரு பஸ்ஸுல ஏத்திவுட்டேன். ஜன்னல் வழியா கை ஆட்டினா. சத்தியமா."

பொய் என்றே வைத்துக்கொண்டேன். கடையில் கேட்டேன், அவள் நேரத்துக்குக் கிளம்பிவிட்டாளாம். பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். கோயில் வாசல்களில் கேட்டேன். போலீஸ் ஸ்டேஷனில் ஒருவன், "வயசுப் பொண்ணு, மேஜரு. தானா போன் பண்ணும் பெரியவரே, போயி மோர் குடிங்க" என்றான். மோர்!

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. களத்தில் துரியோதனன் வயிறு நிரம்பி, பூசி மெழுகி, சுண்ணாம்பும் அடித்து முடிந்திருந்தது. ஊர் தூங்கிக்கொண்டிருந்த பட்டப்பகலில் வரதராஜன் தனியாளாக டிராக்டர் மண்ணைக் கொட்டி முடித்துவிட்டான். நான் செய்வதைவிட வழவழப்பு. சபாஷ் என்றேன்.

தலையை நான்தான் வைத்தேன். கண் எழுதினேன். மீசையைச் சின்னதாக வைத்தேன்.

மே 25, ஞாயிறு

படுகளம் முடிந்தது. எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

துரியோதனன் செய்யும் வீட்டு மருமகள்தான் காந்தாரியாக அவன் மேல் விழுந்து அழ வேண்டும். ஜெயம்மாளுக்கு இந்த வருடம் வேண்டாம் என்றேன். நமச்சிவாயம் கேட்கவில்லை; வழக்கமாம். தலையை விரித்துக்கொண்டு வந்தவள் வயிற்றின் மேல் குப்புற விழுந்தாள். "எம்பொண்ணே, எங்கடி போன, பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லாம எங்கடி போன" என்று மண்ணை அறைந்து அறைந்து அழுதாள். கூட இருந்தவளுகள், "ஜெயம்மா, துரியோதனனக் கூப்புட்றீ, துர்காவ இல்ல" என்று சிரித்தார்கள். சிரித்தார்கள்! அந்த வாய்களை நான் மறக்கமாட்டேன். அவளைத் தூக்கி நிறுத்த நான்கு பேர் வேண்டியிருந்தது. எழும்பவே மாட்டேன் என்றாள்.

பிறகு வீமன். காலில் ஏறி, தொடை வழியாக ஓடி, வயிற்றையும் மார்பையும் மிதித்து நின்று கர்ஜித்துவிட்டு, இறங்கி வந்து தொடையில் அடிக்க வேண்டும். வரதராஜன் ஏறவில்லை. கதையைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான். மேளக்காரன் ஏறுகிற அடியை அடித்தான். ஏறவில்லை. மறுபடி அடித்தான். தரையில் நின்றபடியே தொடையில் ஓங்கி ஒன்று போட்டான். சட்டி உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிட்டது.

"இன்னாபா, வீமனுக்கே பயமா?" என்று நமச்சிவாயம் கத்தினான். கூட்டம் சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. கேட்டதற்கு, "காலு சுளுக்கிக்கிச்சி நைனா" என்றான்.

பெண்கள் முண்டியடித்து மண் எடுத்தார்கள். ஜெயம்மாளும் வயிற்றிலிருந்து ஒரு பிடி எடுத்து வந்து அரிசிப் பானையில் போட்டாள். சாயங்காலம் தீமிதி. வரதராஜன்தான் முதலில் இறங்கினான். நெருப்பில் நிதானமாக நடந்தான். காப்பு அவிழ்த்தார்கள்.

நான் பேசுகிறேன் என்று சொன்ன நாள் இன்றுதான். யாருக்காகப் பேசுவது?

மே 26, திங்கள்

யேசுதாஸைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. பெண்ணைக் கடத்திவிட்டான் என்று வரதராஜன் எழுதிக் கொடுத்திருக்கிறான். பேரை எடுக்கக் கூடாது என்றவன் பேரை எழுதிக் கொடுத்திருக்கிறான்.

அலமு சொன்னாள்: "நல்லா வாங்கறாங்களாம் அண்ணே. எங்க பொதைச்சேன்னு கேட்டு அடிக்கிறாங்களாம். கையப் பார்த்தாலே தெரியல, செவசெவன்னு?"

"அது சாயம்டீ!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

அவள் பஸ் ஏறினாள் என்றான் அந்தப் பையன். அப்படியானால் இறங்கியும் இருப்பாளே? இந்த ஊரில்தானே அது நிற்கும்?

மே 28, புதன்

தூக்கமில்லை.

நான் பார்த்த வீமன்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். என் அப்பா காலத்து முனுசாமி, முட்ட முட்டக் குடித்துவிட்டு ஏறினான். தணிகாசலத்துக்கு யானைக்கால், அந்தக் காலைத் தூக்கி வைத்து ஏறினான். புயல் மழை வந்த வருடம் ஒருவன் வழுக்கி விழுந்து பல் உடைந்தது. வாயில் ரத்தத்தோடு மறுபடி ஏறினான். இதே வரதராஜன் அம்மை இறங்கின உடம்போடு ஏறினான். ஏறாத வீமனை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை.

கால் சுளுக்கு என்றான். சுளுக்கின கால் சாயங்காலம் நெருப்பில் நடந்தது.

மண் மேல் ஏற எவனுக்கும் பயமில்லை. எதன் மேல் ஒருவன் ஏறமாட்டான்? எதன் மேல் காலை வைக்க ஒரு தகப்பனுக்கு—

இல்லை. இதை எழுதாதே. போனே, இதை அழித்துவிடு.

எப்படி அழிப்பது என்று அவள் சொல்லித் தரவில்லை.

மே 29, வியாழன்

பம்புசெட்டு அருகில் வரதராஜன் டிராக்டரைக் கழற்றிப்போட்டு வேலை செய்துகொண்டிருந்தான். போய் நின்றேன்.

"காலு எப்பிடிடா இருக்குது?"

"எந்தக் காலு?"

அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவனுக்கும். ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"மாருல ஏன்டா ஏறல?"

வானத்தைப் பார்த்தான். மேற்கே கறுத்துக்கொண்டிருந்தது. "மழ வரப்போவுது நைனா. வந்தா எல்லாம் சமமாயிடும். படுகளத்துல எவனும் ஏரு ஓட்ட மாட்டான், எவனும் வூடு கட்டக் கடக்கால் வெட்ட மாட்டான். அடியில பள்ளம் எடுத்துதான் வெச்சிருக்கேன். நம்ப ரெண்டு பேரோட போவட்டும்."

சாதாரணமாகச் சொன்னான். நெல்லை எங்கே கொட்டினேன் என்று சொல்வது போல.

"காப்பு கட்டின கையிடா அது! பாவி, சாமிக் கயிறு கட்டின கையிடா!"

"கழட்டி வெச்சிட்டுதான் செஞ்சேன்."

என்ன சொன்னான் என்று விளங்கச் சிறிது நேரமாயிற்று. கயிற்றுக்குத் தீட்டுப் படக் கூடாது என்று கழற்றி வைத்திருக்கிறான். பெற்ற பெண்ணை பஸ்ஸிலிருந்து இறங்கினதும் வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து, கயிற்றைக் கழற்றி எங்கேயோ பத்திரமாக மாட்டிவிட்டு, முடித்துவிட்டு, மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறான்.

அறைந்தேன். வாங்கிக்கொண்டான். "நான் ஒம் புள்ள நைனா. எனக்கு இருக்கறது நீ ஒருத்தன். ஒனக்குக் கொள்ளி வெக்க நான் ஒருத்தன்" என்றான்.

வீட்டுக்கு வந்தேன். ஜெயம்மாள் சோறு வைத்தாள். அந்தப் பானை அரிசி. அந்த வயிற்று மண் கிடக்கும் பானை. நான்கு நாளாக அதைத்தான் தின்றுகொண்டிருக்கிறோம். கொல்லையில் போய் வாந்தி எடுத்தேன். "இன்னா மாமா, ஒடம்புக்கு?" என்று முதுகைத் தடவினாள்.

மே 30, வெள்ளி

போலீஸ் ஸ்டேஷன் போனேன். எஸ்.ஐ. நான் சொன்னதைக் கேட்டார். "வீமன் மேல ஏறல, அதனால கொலை. இதான் கேஸா?" என்றார். அவனே ஒத்துக்கொண்டான் என்றேன். "யார் கேட்டா? உங்களத் தவிர?" தாசில்தார் வர வேண்டுமாம், உத்தரவு வேண்டுமாம். "சாமி படுத்திருக்கற எடத்தத் தோண்டினா கலவரம் ஆயிடும் பெரியவரே. திங்கக்கிழம பாக்கலாம்." உள்ளே யாரோ முனகும் சத்தம் கேட்டது. அந்தப் பையன்தான்.

நமச்சிவாயத்திடம் போனேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சின்னப்பையண்ணே, பேத்தி ஓடிப்போன துக்கத்துல பேசற. மழைதான் கரைக்கணும், மனுசன் கை வெக்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே நீதான்" என்றான்.

நான்தான். ஆமாம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்த வழக்கத்துக்குள்தான் என் மகன் அவளை வைத்திருக்கிறான்.

தூறல் போடுகிறது. திங்கட்கிழமை வரைக்கும் அந்தப் பையன் தாங்குவானா?

மே 31, சனி

கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு விடிந்ததும் போனேன். இரும்பு படக் கூடாது. அவளுக்காக. அவள் மேல் இரும்பு பட்டுவிடக் கூடாது.

வயிற்றைப் பக்கவாட்டில் உடைத்தேன். நான் எழுப்பின சுவர், எனக்கே வழிவிட மறுத்தது. நகம் பெயர்ந்தது. ஊர் கூடிவிட்டது. "கெழவனுக்குப் பைத்தியம் புடிச்சிடிச்சி", "குடும்பமே அழியும்", "யாராவது அவனப் புடிங்கடா." நமச்சிவாயம் கையைப் பிடித்து இழுத்தான்.

"செஞ்சவன் நான். ஒடைக்கவும் எனக்குதான் உரிம. எவனாவது கிட்ட வந்தா கடிச்சிப்புடுவேன்" என்றேன். எந்த வேஷத்திலும் எனக்கு அப்படிக் குரல் வந்ததில்லை.

ஜெயம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "இன்னா மாமா தேடறீங்க?"

என் முகத்தைப் பார்த்தாள். திரும்பிக் கூட்டத்தில் புருஷனைத் தேடினாள். அவன் தூரத்தில் டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்தான். மறுபடி என்னைப் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் மண்டி போட்டாள். அதற்குப் பிறகு அவள் தோண்டினதுதான். நான் வெறும் மண்ணைத் தள்ளினேன்.

தரை மட்டத்துக்குக் கீழே மண் பொதபொதவென்று இருந்தது. முதலில் வந்தது துணி. பட்டுக் கடையில் எல்லாப் பெண்களும் கட்டுகிற புடவை, அரக்குக் கரை. ஜெயம்மாள் அந்தக் கரையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இது மேலயா மாமா நான் படுத்து அழுதேன்?"

அன்றைக்குச் சிரித்த வாய்கள் ஒன்றும் பேசவில்லை. வரதராஜன் டிராக்டரை விட்டு இறங்கவில்லை, ஓடவும் இல்லை. போலீஸ் வரும்வரைக்கும் மேற்கே பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

அவளை எடுத்துப்போன பிறகுதான் மழை கொட்டியது.

ஜூன் 2, திங்கள்

பையனை விட்டுவிட்டார்கள். ஒரு காது கேட்கவில்லையாம்.

களத்துக்குப் போனேன். துரியோதனன் பாதி கரைந்துவிட்டான். அந்தப் பள்ளத்தின் வாயில் சின்னச் சின்ன மண் குவியல்கள். வீட்டுக்கு வீடு அரிசிப் பானையிலிருந்து எடுத்துவந்து, ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். சிலதில் அரிசியும் கலந்திருந்தது.

காகம்கூட அதைத் தொடவில்லை.

2026 ஏப்ரல் 19, ஞாயிறு

நமச்சிவாயம் வந்தான். மண் கொட்டியாகிவிட்டதாம். வேறு ஊர் ஆளை வைத்துச் செய்தால் அம்மன் ஏற்குமா என்று பூ போட்டுப் பார்த்தார்களாம், நான்தான் வர வேண்டும் என்று வந்ததாம். "மேல ஏறவே மாட்டேன்றானுங்க அண்ணே. எந்தப் பையனைக் கேட்டாலும் வீமன் வேஷம் வேணான்றான்."

"நீ ஏறு" என்றேன். போய்விட்டான்.

மத்தியானம் வக்கீல் குமாஸ்தா வந்தான். ஜெயிலிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறானாம் என் மகன். பம்புசெட்டில் பேசினதை நாளைக்குக் கோர்ட்டில் நான் சொல்லாவிட்டால் கேஸ் நிற்காதாம். "வயசாயிடிச்சி, ஞாபகம் இல்லன்னு சொன்னா போதும் பெரியவரே. நாளைக்கி உங்களுக்குக் கொள்ளி வெக்க ஆளு வேணாமா?"

ஞாபகம் இல்லையாம். எனக்கு!

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து ஜெயம்மாள் வந்தாள். கையில் ஈர முறம். "அத நான் வெக்கிறேன்னு போய்ச் சொல்லு" என்றாள். அவன் எழுந்து செருப்பைத் தேடினான்.

காலை ஏழு மணி பஸ். அவளும் வருகிறாள். யேசுதாஸ் பஸ் ஸ்டாண்டில் நிற்பானாம். கேட்கிற காதுப் பக்கம் நின்று பேச வேண்டும். என் வெள்ளை வேட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். வானம் மூடிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து உள்ளே கொடி கட்டிக் காயப்போட்டாள்.